உடைமையும் ஆளுகையும்: கணினிப் பயனர் உரிமையின் வரலாறு (1955–2012)

ஆய்வுச் சுருக்கம்

கணினியை விலைகொடுத்து வாங்கியவர் அதில் இயங்கும் மென்பொருளை ஆராயவும் திருத்தவும் இயலாத நிலை இன்று இயல்பானதாகக் கருதப்படுகிறது. இந்நிலை கணினியின் தொடக்கக் காலத்திலிருந்தே நிலவியது அன்று. வணிகம், சட்டம், வன்பொருள் வடிவமைப்பு ஆகியவற்றின் வழியே 1969 முதல் 2012 வரையிலான காலப்பகுதியில் படிப்படியாக உருவானது. இவ்வளர்ச்சியைக் காலவரிசையில் ஆராயும் இக்கட்டுரை, பயனரைத் தடுக்கும் பூட்டு ஒவ்வொரு கட்டத்திலும் இடம் மாறியது என்பதையும், தமிழ் எழுத்துருக் குறியேற்றச் சிக்கல் இவ்வரலாற்றின் ஒரு கிளை என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மூல நிரல், கட்டற்ற மென்பொருள், பதிப்புரிமை, உரிமம், குறியேற்றம், பயனர் உரிமை

முன்னுரை

ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து சேமித்த கோப்பைத் திறக்கும்போது, தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த பொருளற்ற வரிகள் தோன்றுவதுண்டு. பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் இயங்க மறுக்கிறது. பணியின் நடுவே கணினி தானாகவே புதுப்பித்தலைத் தொடங்குகிறது. நன்கு பழகிய வசதியொன்று அடுத்த பதிப்பில் காணாமற் போகிறது. இவற்றைப் பயனரின் அறியாமையால் அல்லது கருவியின் பழுதால் நேர்வன எனக் கொள்வது பொதுவழக்கு. ஆயின் இவற்றுட் பல பழுதுகள் அல்ல; கருவி பற்றிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினாவோடு தொடர்புடையவை.

இக்கட்டுரையில் 'உடைமை' என்பது பொருளை விலைக்குப் பெற்று வைத்திருக்கும் நிலையையும், 'ஆளுகை' என்பது அப்பொருள் எவ்வாறு இயங்கவேண்டும் எனத் தீர்மானிக்கும் ஆற்றலையும் குறிக்கின்றன. கலப்பை, தறி, தட்டச்சுப்பொறி போன்ற கருவிகளில் இவ்விரண்டும் பிரியாதிருந்தன. கணினியில் அவை எப்போது, எவ்வாறு பிரிந்தன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் முதன்மையாகவும், இந்தியச் சட்டமும் தமிழ்க் கணிமையும் அவற்றின் தொடர்ச்சியாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. வாடகைப் பொறியும் பயனர் ஆளுகையும்

1950களில் பெருங்கணினிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் மாத வாடகைக்கே பெற்றன. ஐபிஎம் நிறுவனம் தன் பொறிகளை வாடகைக்கு விடுவதோடு விற்பனைக்கும் அளிக்கவேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இசைவாணையால்தான் உறுதியாயிற்று. அக்காலத்தில் மென்பொருள் தனிச்சரக்காக எண்ணப்படவில்லை. பொறியோடு சேர்த்து வழங்கப்பட்ட நிரல்கள் மனிதர் படிக்கத்தக்க மூல வடிவிலேயே கிடைத்தன.

1955ஆம் ஆண்டில் ஐபிஎம் 704 கணினியைப் பயன்படுத்திய நிறுவனங்கள் கலிபோர்னியாவில் 'ஷேர்' என்னும் பயனர் குழுவை அமைத்தன. ஒரு நிறுவனத்தார் எழுதிய நிரலை மற்றவர் பெற்றுத் திருத்திப் பயன்படுத்துவதும், திருத்தியதை மீண்டும் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதும் இக்குழுவின் பணியாக இருந்தன. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய இரு நிறுவனங்களின் நிரலர்கள் 704 கணினிக்கென ஓர் இயங்குதளத்தை உருவாக்கினர். உலகின் தொடக்ககால இயங்குதளங்களுள் ஒன்றான இது, பொறியைச் செய்தவரால் அன்றிப் பொறியைப் பயன்படுத்தியவரால் ஆக்கப்பட்டது. 1959இல் ஐபிஎம் 709 கணினிக்கான இயங்குதளம் ஒன்று 'ஷேர்' குழுவின் பெயராலேயே வெளிவந்தது.

இப்பகிர்வு கொள்கைப் பற்றினால் விளைந்தது அன்று. நிரலர்கள் அருகியிருந்தனர், ஒரே பணிக்கான நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதுவது வீண் செலவாகும். நடைமுறைத் தேவையே பகிர்வை வழக்கமாக்கியது. எனினும் ஒன்று கருதத்தக்கது. இக்காலத்துப் பயனருக்குப் பொறியின்மீது உடைமை பெரும்பாலும் இல்லை, ஆளுகை இருந்தது. பிற்காலத்தில் இந்நிலை முற்றிலும் தலைகீழாயிற்று.

2. பிரித்து விற்றலும் ஊதிய விவாதமும்

1969 ஜனவரி 17 அன்று அமெரிக்க அரசு ஐபிஎம் மீது முற்றுரிமைத் தடுப்பு வழக்கைத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று அந்நிறுவனம் பொறி, மென்பொருள், பணிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை வைக்கப்போவதாக அறிவித்தது. வழக்கின் அழுத்தமே இதற்குக் காரணம் என்பாரும், பெருகிவந்த மென்பொருள் ஆக்கச் செலவே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும் மென்பொருள் விலைக்குரிய தனிச்சரக்காயிற்று. இதனால் சார்பற்ற மென்பொருள் நிறுவனங்கள் வளர வழி ஏற்பட்டது. விலை வைத்தலும் மூல நிரலை மறைத்தலும் ஒன்றல்ல என்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். 1969க்குப் பின்னரும் ஐபிஎம் தன் நிரல்கள் பலவற்றை மூல வடிவில் வழங்கியே வந்தது.

1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினி அறிமுகமானது. அதே ஆண்டு மார்ச்சு 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வாகனக் கொட்டகையில் 'ஹோம்புரூ கணினிக் கழகம்' தன் முதற் கூட்டத்தை நடத்தியது. தனிமனிதர் கணினியின் உடைமையாளரானது இக்காலத்தில்தான். ஆல்டேருக்கான பேசிக் மொழிபெயர்ப்பியைப் பில் கேட்ஸ், பால் ஆலன் ஆகியோரின் நிறுவனம் எழுதியது. அது துளைநாடாவில் படியெடுக்கப்பட்டுப் பயனரிடையே பரவியது. 1976 பிப்ரவரி 3 நாளிட்ட கடிதத்தில் கேட்ஸ் இதனைத் திருட்டு எனக் கண்டித்தார். ஆல்டேர் உடைமையாளருள் 10 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே பேசிக்கை வாங்கியுள்ளனர் என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் எழுதினார்.

இக்கடிதத்தின் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கது அன்று. நிரல் எழுதுவது உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். அன்றைய ஆர்வலரின் எதிர்வினையும் ஒருமுகமாக இல்லை. 1976இல் தொடங்கிய 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்னும் இதழ் 'டைனி பேசிக்' என்ற சிறு மொழிக்கான மூல நிரல்களைத் தன் பக்கங்களில் அச்சிட்டது. டாம் பிட்மன் என்பவர் தம் டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். லீ-சென் வாங் என்பவர் பதிப்புரிமை வாசகத்தைக் கேலியாகத் திருப்பிப்போட்டுத் தம் நிரலை எவரும் பயன்படுத்தலாம் என விடுத்தார். ஊதியம், மலிவு விலை, முழுப் பகிர்வு என்னும் மூன்று நிலைப்பாடுகளும் ஒரே ஆண்டில் ஒரே களத்தில் நின்றன. மென்பொருள் மூடப்படவேண்டும் என்பது அன்று முடிந்த முடிபாக இருக்கவில்லை.

3. உரை எழுதத் தடை

மூல நிரலை மறைப்பதன் விளைவு கல்விப்புலத்தில் தெளிவாக வெளிப்பட்டது. ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1956ஆம் ஆண்டின் மற்றோர் இசைவாணை அந்நிறுவனம் கணினி வணிகத்தில் ஈடுபடுவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மூல நிரலோடு அளிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவகத்திலுள்ள ஏறத்தாழ 9,000 வரி நிரலை ஒரு நூலாகவும், அதற்கான விளக்கத்தை மற்றொரு நூலாகவும் 1976இல் தம் மாணவர்க்கெனத் தொகுத்தார். மூலமும் உரையும் என்ற தமிழ் மரபு வழக்கினை இதற்குப் பொருத்திக் கூறலாம். சொல்லுக்குச் சொல் பொருள்கண்டு, அமைப்பினை விளக்கி, குறையுள்ள இடங்களையும் சுட்டிச்செல்லும் இவ்விளக்கம் உரை மரபின் இயல்புகள் பலவற்றைக் கொண்டது.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், மூல நிரலை வகுப்பறையில் பாடமாகப் பயிற்றுவிப்பதற்குத் தடைவிதித்தன. லயன்ஸின் நூல்கள் ஒளிப்படிகளாகவே கைமாறின. முறையான அச்சுப்பதிப்பு 1996இல்தான் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டனென்பாம், மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க இயங்குதளம் இல்லாமற் போனமையால் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987இல் தம் பாடநூலோடு வெளியிட்டார். மூலம் மறைக்கப்படுமிடத்தில் உரை தோன்ற இயலாது. உரை இல்லாதவிடத்துக் கல்வி தொடர இயலாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

4. 1983: மூன்று நிகழ்வுகள்

1980 டிசம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை வெளிப்படையாக உள்ளடக்கித் திருத்தப்பட்டது. நிரல் 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையுள் அடங்கியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1984ஆம் ஆண்டுத் திருத்தம் நிரலை இலக்கியப் படைப்பு என்பதன் வரையறைக்குள் சேர்த்தது. இலக்கியம் எனப் பெயர்பெற்ற பின்னர் நிரல் படிப்பாரிடமிருந்து விலகத் தொடங்கியது முரணாகும்.

1983ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு பிப்ரவரியில் ஐபிஎம் தன் புதிய மென்பொருள்களை இனி இயந்திரம் மட்டுமே படிக்கும் வடிவில் வழங்கும் என அறிவித்தது. மூல நிரலைத் திருத்தித் தம் பணியிடத்துக்கேற்ப அமைத்துவந்த பயனர் குழுக்கள் இதனை எதிர்த்தன. ஆகஸ்டு 30 அன்று ஆப்பிள் – பிராங்க்ளின் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரம் மட்டும் படிக்கத்தக்க வடிவிலுள்ள நிரலுக்கும் சில்லில் பதியப்பட்ட இயங்குதளத்துக்கும் பதிப்புரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. படிக்க இயலாத நிரலுக்கும் நூலுக்குரிய காப்பு கிடைத்ததால், நிரலை மறைத்தும் வைக்கலாம், சட்டக் காப்பும் பெறலாம் என்ற நிலை உறுதியாயிற்று. மூன்றாவதாக, செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' என்னும் கட்டற்ற இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார்.

முதலிரு நிகழ்வுகளும் மூன்றாவதற்கு நேர்க்காரணங்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. எனினும் அவை ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை, அதுவரை வழக்காக இருந்த ஒன்று அப்போதுதான் உரிமைக் கோரிக்கையாக மாறியது என்பதை உணர்த்துகிறது. வழக்கு இருக்கும்வரை அதற்குப் பெயரோ கொள்கையோ தேவைப்படவில்லை. அது பறிபோன பின்னரே கொள்கை தேவைப்பட்டது.

5. உரிமத்தால் அமைந்த விடை

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1971 முதல் பணியாற்றிய ஸ்டால்மன், தம் முடிவுக்கு வழிவகுத்த நிகழ்வுகளுள் ஒன்றாக அச்சுப்பொறி ஒன்றைப் பல உரைகளில் குறிப்பிட்டுள்ளார். ஆய்வகத்திலிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கும்போது பயனருக்குச் செய்தி அனுப்புமாறு அவர் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னர் வந்த புதிய லேசர் அச்சுப்பொறிக்கு மூல நிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்தவரும், வெளியிடா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தமையால் தர மறுத்தார். தாள் சிக்கல் சிறியது. அதனைத் தீர்க்கத் தெரிந்தவர் அருகிலிருந்தும் தீர்க்க அனுமதி இல்லாமையே பெரியது.

1984 ஜனவரியில் பணியிலிருந்து விலகிய அவர், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொது உரிமத்தின் முதற்பதிப்பும் 1991இல் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன. பதிப்புரிமையை மறுப்பதற்குப் பதிலாக அதனையே கருவியாக்கியதே இவ்வுரிமத்தின் தனித்தன்மை. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், படியெடுத்து வழங்குதல், திருத்தியதை வழங்குதல் ஆகிய நான்கும் பயனரின் உரிமைகள் என வகுக்கப்பட்டன. பிறர்க்கு வழங்குபவர் மூல நிரலையும் இவ்வுரிமைகளையும் சேர்த்தே வழங்கவேண்டும். விலைக்கு விற்பதை உரிமம் தடுக்கவில்லை. ஆகவே 1976ஆம் ஆண்டின் ஊதிய விவாதமும் இவ்விவாதமும் வேறுவேறானவை.

1991 ஆகஸ்டு 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் பயனரிடையே தம் புதிய கருவகம் பற்றி அறிவித்தார். தொடக்கத்தில் வணிகப் பகிர்வுக்கு இடந்தராத உரிமத்தோடு வெளிவந்த லினக்ஸ், 1992இல் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. கருவகமும் குனுவின் தொகுப்பி முதலான கருவிகளும் இணைந்தபோது, மூல நிரல் முழுவதும் பயனரின் கையிலுள்ள இயங்குதளம் எளிய கணினிகளுக்குக் கிடைத்தது. மூல நிரலை மறைத்தல் என்ற முதற்பூட்டுக்கு இது விடையாயிற்று.

6. வன்பொருளுக்குள் புகுந்த பூட்டு

மூல நிரல் கிடைத்தால் ஆளுகையும் கிடைக்கும் என்ற எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1999இல் அறிமுகமான டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக்கருவி லினக்ஸைப் பயன்படுத்தியது. உரிமப்படி மூல நிரலையும் வெளியிட்டது. ஆனால் கருவி இயங்கத் தொடங்கும்போது நிரலிலுள்ள நிறுவனத்தின் மின்னொப்பத்தைச் சரிபார்த்தது. பயனர் திருத்திய நிரலை இயக்க மறுத்தது. படிக்கலாம், திருத்தலாம்; திருத்தியதைத் தம் சொந்தக் கருவியில் இயக்க இயலாது. இதற்கு விடையாக 2007 ஜூன் 29 அன்று வெளிவந்த பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவுவதற்கு வேண்டிய திறவுகோல் முதலான தகவல்களையும் அளிக்கவேண்டும் என விதித்தது. வன்பொருள் வடிவமைப்பு செய்பவரின் உரிமை எனக் கருதிய டோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. லினக்ஸ் கருவகம் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது. கட்டற்ற மென்பொருளாரிடையே 'ஆளுகை' என்பதன் எல்லை குறித்து எழுந்த கருத்து வேறுபாடாக இதனைக் கொள்ளலாம்.

சட்டமும் இப்பூட்டுக்குத் துணைநின்றது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், தொழில்நுட்பக் காப்புகளை உடைப்பதையே குற்றமாக்கியது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் வழங்கப்படலாயின. திறன்பேசியில் தாம் விரும்பும் செயலியை நிறுவுவதற்காகப் பூட்டை நீக்க 2010இலும், ஊர்திகளையும் உழுபொறிகளையும் பழுதுபார்க்க அவற்றின் நிரலை அணுக 2015இலும் விலக்கு கிடைத்தது. தன் உழுபொறியைத் தானே பழுதுபார்க்க உழவர் விலக்குக் கோரவேண்டியிருந்தது என்பது உடைமையும் ஆளுகையும் எவ்வளவு தொலைவு பிரிந்துவிட்டன என்பதற்குச் சான்று. இந்தியச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இணைத்த 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பை உடைப்பதையே குற்றமாகக் கொள்கிறது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

தொலைவிலிருந்து ஆளும் ஆற்றலுக்கு 2009 ஜூலையில் நிகழ்ந்த நிகழ்வு எடுத்துக்காட்டாகும். ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களின் மின்பதிப்புகள் உரிமையில்லாத நிறுவனத்தால் விற்கப்பட்டமையை அறிந்த அமேசான், அவற்றை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவழியே நீக்கிப் பணத்தைத் திருப்பியளித்தது. தாம் எழுதிவைத்த படிப்புக் குறிப்புகள் நூலின்றிப் பயனற்றுப் போயின என ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நீக்கிய முறை தவறு என ஏற்கப்பட்டது. நீக்கும் ஆற்றல் எவரிடம் இருக்கவேண்டும் என்னும் வினா எஞ்சியது.

2012இல் விண்டோஸ் 8 வெளியீட்டோடு, கணினி தொடங்கும்போதே மின்னொப்பத்தைச் சரிபார்க்கும் 'பாதுகாப்பான தொடக்கம்' பரவலாயிற்று. அப்போதைய சான்றளிப்பு விதிகளின்படி மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றில் பரவலாக உள்ள எக்ஸ்86 வகைக் கணினிகளில் இதனை நிறுத்தும் வசதி பயனருக்கு இருக்கவேண்டியிருந்தது. ஆர்ம் வகைச் செயலி கொண்ட கருவிகளில் அவ்வசதி இருத்தல் கூடாது என விதிக்கப்பட்டிருந்தது. ஒரே தொழில்நுட்பம், திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் காப்பாகவும் மற்றோரிடத்தில் தளையாகவும் அமைகிறது.

7. தமிழ் ஆவணங்களும் குறியேற்றப் பூட்டும்

மேற்கண்ட வரலாறு தமிழாய்வுக்குப் புறம்பானது அன்று. தமிழ்ப் பயனர் எதிர்கொண்ட பூட்டு, நிரலைவிட எழுத்து வரிசையில் அமைந்திருந்தது. 8 பிட்டுக் குறியேற்றத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கு உரியவை. 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் எந்த இடத்தில் எந்தத் தமிழ் வடிவத்தை அமைப்பது என்பதைத் தத்தம் போக்கில் முடிவுசெய்தனர். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களும் பல. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்றதாயிற்று. இந்திய மொழி மென்பொருள்களுட் சில, கணினியில் செருகும் வன்பூட்டோடு விற்கப்பட்டன. அப்பூட்டு பழுதுற்றால் அல்லது பொருந்தும் துளை புதிய கணினியில் இல்லாவிட்டால் மென்பொருள் இயங்காது.

இதனைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பல. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற தமிழிணைய மாநாடுகள் பொது நியமம் குறித்து விவாதித்தன. 1999இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உலகத் தமிழர் மின்னஞ்சல் வழி கலந்துரையாடி வடித்த டிஸ்கி குறியேற்றமும் பரவியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை டிஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் வழங்கியது. யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதனை ஆதரித்த பின்னரே பயன்பாட்டுக்கு வந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் நியமங்களாக அறிவித்தது.

பழைய கோப்புகளை மீட்டெடுத்ததில் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளின் பங்கு பெரிது. எழுத்துருவைத் திறந்து எந்த இடத்தில் எவ்வடிவம் உள்ளது எனக் கண்டறிந்து அட்டவணையிட்டதனால் இம்மாற்றிகள் உருவாயின. இங்கே பூட்டு வெளிப்படையாக இருந்தமையால் பயனரே திறவுகோல் செய்ய முடிந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முறையாகப் பெற்ற நிரலின் செயற்பாட்டை நோக்கி ஆராய்வதையும் பிற நிரலோடு இணைந்தியங்கத் தேவையான தகவலைப் பெறுவதையும் அனுமதிக்கிறது. பயனருக்கு இச்சட்ட வழி திறந்தே உள்ளது.

எனினும் சிக்கல் முற்றும் தீரவில்லை. பழைய குறியேற்ற எழுத்துருவில் உருவான ஆய்வேடு பிடிஎஃப் வடிவில் சேமிக்கப்பட்டால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. படியெடுத்து ஒட்டினால் குலைந்துவிடும். சோத்கங்கா போன்ற ஆய்வேட்டுக் களஞ்சியங்களின் பயன் தேடலில்தான் உள்ளது. தேட இயலாத ஆய்வேடு, அலமாரியில் இருந்தும் அட்டவணையில் இல்லாத நூலுக்கு நிகராகும்.

8. மறுப்புகளும் மதிப்பீடும்

பயனர் ஆளுகைக் கோரிக்கைக்கு இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. பெரும்பாலோர் நிரல் படிப்பதில்லை என்பது ஒன்று. இது உண்மையே, ஆனால் உரிமையின் பயன் அனைவரும் அதனைத் தாமே செயற்படுத்துவதில் இல்லை. தாம் நம்பும் ஒருவரைக் கொண்டு பழுதுபார்க்கும் வாய்ப்பும் ஆளுகையுள் அடங்கும். தமிழ் மாற்றிகளைச் செய்தவர் சிலர், பயன்பெற்றவர் பலர். பூட்டு பாதுகாப்புக்கானது என்பது மற்றொன்று. கணினி தொடங்கும் நிலையிலேயே புகும் தீநிரல்கள் உண்டு என்பதும், ஒப்பச் சரிபார்ப்பு அவற்றைத் தடுக்கும் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயின் 2012ஆம் ஆண்டு விதிகளே காட்டுவதுபோல், பூட்டை வைத்துக்கொண்டே திறவுகோலைப் பயனரிடம் அளிக்க இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. பயனர் ஆளுகை புதிய கோரிக்கை அன்று. 1955–1969 காலப்பகுதியில் அது வழக்காக இருந்தது. 1983க்குப் பின் கொள்கையாக வடிவம் பெற்றது.

2. தொடக்கத்தில் வாடகைதாரருக்கு ஆளுகை இருந்தது. பின்னாளில் உடைமையாளருக்கும் அது இல்லாமற் போனது.

3. பூட்டு மூல நிரலிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்தின் துணையோடு வன்பொருளுக்கும் இடம் மாறியது. ஒரு பூட்டுக்குக் கண்ட விடை அடுத்த பூட்டுக்குப் போதுமானதாக அமையவில்லை.

4. தமிழில் இப்பூட்டு எழுத்துக் குறியேற்றத்தில் அமைந்தது. வெளிப்படையான நியமமும் ஆராயும் உரிமையும் இருந்தவிடத்து ஆவணங்கள் மீண்டன.

இம்முடிவுகளால் தமிழாய்வுலகுக்கு ஒரு கடமை உண்டாகிறது. மைய அரசு 2010இல் மின்னாளுகைக்கான திறந்த நியமக் கொள்கையை வெளியிட்டது. திறந்த ஆவண வடிவம் 2006 முதல் பன்னாட்டு நியமமாக உள்ளது. ஆய்வேடுகளை யூனிகோடிலும் திறந்த வடிவிலும் பெறுவதோடு, பழைய குறியேற்றங்களில் உள்ளவற்றை மாற்றிச் சேமிப்பதும் பல்கலைக்கழகத் துறைகளால் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பழைய எழுத்துருக்களும் அவற்றின் அட்டவணைகளும் கிடைக்கும் காலத்திலேயே இதனைச் செய்தாக வேண்டும். ஓலைச்சுவடியைச் செல்லரித்தது, எண்ணிமக் கோப்பைச் செல் அரிப்பதில்லை. அது முழுமையாக இருக்கும்போதே படிக்க இயலாததாகிவிடும் என்பதே அதன் இடர்.